உதறிவிட்டுப் போகச் சொன்ன வாசல்

1. கை கழுவிய தண்ணீர்

வெள்ளிப் பட்டறையில் மெருகு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாயங்காலம் கை கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். பட்டறையே எழுந்து நின்றது. மேஸ்திரி சுடலைமுத்து ஓடிவந்து சாக்கடை வாயைச் சாக்கால் அடைத்தார்.

"ஏட்டி பேச்சி, தண்ணின்னு நெனச்சியா? அது அண்ணாச்சி வெள்ளில்லா!" என்றார்.

அன்றைக்கு அந்தச் சாக்கடைச் சகதியை என் கையாலேயே அள்ளி டிரம்மில் போட வைத்தார்கள்.

இப்போது பட்டறைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது புரிய வேண்டும். கொலுசோ குத்துவிளக்கோ, மெருகு போடும்போது கொஞ்சம் வெள்ளி தேய்ந்து போகும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கரையும், விரலில் ஒட்டும், தலைமுடியில் படியும். அதனால் கை கழுவிய தண்ணீர் டிரம்முக்குள் போகும். கால் துடைத்த சாக்கைக்கூட எரித்துச் சாம்பலை உருக்குவார்கள். அதிலிருந்து வெள்ளி திரும்பக் கிடைக்கும். இதில் எனக்கு வருத்தம் இல்லை. முதலாளி வெள்ளி, அவர் எடுத்துக்கொள்கிறார்.

வருத்தம் வேறு. டவுனில் எங்கள் பட்டறை வாசலில் சாயங்காலம் ஒரு வெள்ளைத் துணி விரிப்பார்கள். ஆம்பிளைகள் கை கழுவி, கால் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெண்கள் மட்டும் ஒவ்வொருவராக அந்தத் துணியில் ஏறி நின்று, முந்தியையும் கொசுவத்தையும் உதறிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். மேஸ்திரி பார்த்துக்கொண்டு நிற்பார். ஆம்பிளைகள் ஏன் உதறவில்லை என்று ஒருத்தி கேட்டதற்கு, "பொம்பள சேலையில மடிப்பு ஜாஸ்திம்மா" என்று சொல்லிச் சிரித்தார். முதலாளி அண்ணாச்சி நாள் முழுக்க அதே தூசுக்குள் நடப்பார். அவர் மகன் நடப்பார். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் நடப்பார்கள். அவர்கள் வரும்போது துணியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள், கால் பட்டுவிடக் கூடாது என்று.

நான் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. அத்தனை வருஷமும் உதறினேன்.

2. எஸ்தர் கேட்ட வெள்ளி

பட்டறையைக் கூட்டிப் பெருக்குகிறவள் ரஹ்மத்து. மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். புருஷன் மவுத்தான பிறகு அந்த வேலையில்தான் குடும்பம் ஓடியது. வாய்த்துடுக்கு உண்டு. துணியில் ஏறி நிற்கும்போது, "மேஸ்திரி, நல்லா பாத்துக்கிடுங்க, கொசுவத்துக்குள்ள ஒரு குத்துவிளக்கு வச்சிருக்கேன்" என்பாள். மேஸ்திரியே சிரித்துவிடுவார். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஒரு நாள் பாளையங்கோட்டையிலிருந்து எஸ்தர் என்ற பெண் பட்டறை வேலையைப் பார்க்க வந்தாள். அம்மா டீச்சர். இவள் சிற்பம் படித்தவள். நாங்கள் வேலை முடிந்து கிளம்புகிற நேரம். ரஹ்மத்து துணியில் நின்று முந்தியை வீசி உதறுவதை அந்தப் பெண் பார்த்தாள். பார்த்த முகம் மாறிவிட்டது. அடுத்த நாள் அண்ணாச்சியிடம் வந்து, ஒரு சிலை செய்ய வேண்டும், புது வெள்ளி வேண்டாம், டிரம்மிலும் சாக்கிலும் திரும்பி வருகிற வெள்ளி போதும் என்று கேட்டாளாம். அண்ணாச்சி யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். கண்காட்சியில் வைக்கலாம், கடை பெயர் நாலு பேருக்குத் தெரியும், சிலை கடைசியில் அவருக்கே வந்துவிடும்.

ரஹ்மத்தைத்தான் மாதிரிக்கு நிற்கச் சொன்னாள். ரஹ்மத்து தயங்கினாள்.

"முகம் மட்டும் வைக்காதம்மா. எங்க ஆளுவ ஏசிப்புடுவாவ."

"முகம் வேண்டாம் அக்கா. நீங்க உதறுறது மட்டும் போதும்" என்றாள் எஸ்தர்.

மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் வெள்ளியை ஊற்றினார்கள். ஒரு முழம் உயரம். மெருகு என் கையால்தான் போட்டேன். உடம்பு முன்னால் சாய்ந்து, இரண்டு கையும் முந்தியைப் பிடித்து வீசுகிறது. முகம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. ரஹ்மத்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இடுப்ப நல்லா ஒடுக்கி வச்சிருக்கா அந்தப் புள்ள. என் மாமியா இருந்தா நம்பமாட்டா" என்றாள்.

எதற்காக இதைச் செய்கிறாய் என்று நான் எஸ்தரிடம் பைய கேட்டேன். தூசுக்குக் கணக்கு வைக்கிறார்கள், தூசு ஒட்டிய ஆளுக்கு என்ன மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள் கேட்க வேண்டும், அதற்குத்தான் என்றாள்.

3. பாளையங்கோட்டை மண்டபம்

கண்காட்சிக்கு எங்கள் இரண்டு பேரையும் எஸ்தர் கூட்டிப்போனாள். ரஹ்மத்து பெருநாள் சேலை கட்டி வந்திருந்தாள். சிலைக்குக் கண்ணாடிக் கூண்டு, மேலே விளக்கு, பக்கத்தில் காவலுக்கு ஒரு ஆள். எழுதி வைத்த அட்டையில் கடை பெயர் பெரிதாக, எஸ்தர் பெயர் சிறிதாக. ரஹ்மத்து பெயரை எஸ்தர் எழுதிக் கொடுத்திருந்தாளாம். அச்சடிக்கும்போது இடம் இல்லை என்று அண்ணாச்சி எடுக்கச் சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: எத்தனை கிலோ? ஒருவர் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று விசாரித்தார். பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மாள், "எவ்வளவு நளினமா ஆடுதா பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஆட்டமாம். எஸ்தர் விளக்கப் போனாள். அதற்குள் அவர்கள் அடுத்த சிலைக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. வா போவோம் என்று ரஹ்மத்தைக் கூப்பிட்டேன். வாசலில் வெள்ளையாக ஒரு கால்மிதி கிடந்தது. அதில் கால் வைத்ததும் ரஹ்மத்து நின்றாள். குனிந்தாள். முந்தியை இரண்டு கையாலும் பிடித்து வீசி உதறினாள். யாரும் சொல்லவில்லை. பழக்கம். அடுத்தது கொசுவத்துக்குக் கை போனது.

மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூண்டில் இருப்பது யார் என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்துவிட்டது. சிலையைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள். பிறகு கை தட்டினார்கள். ஏற்பாடு செய்து வைத்த நிகழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ரஹ்மத்து அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்தாள். முந்தியை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக எல்லாவற்றையும் கேலி பேசிச் சமாளித்தவள், அன்று என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

கூண்டுக்கு அருகே இருந்த அண்ணாச்சிக்கோ பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரிய மனிதர்களிடம், "பாத்தியளா? நான் சொல்லாமலே உதறுதா. நம்ம பட்டறை நேர்மை அப்படி" என்றார்.

நான் கூட்டத்தில் பேசினதே இல்லை. ரேஷன் கடையில்கூட மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு நிற்கிறவள். அன்று என் குரல் எனக்கே கேட்டது.

"அண்ணாச்சி, அந்தச் சிலையப் பட்டறையிலேருந்து நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தது நீங்க. உங்க வேட்டிய யாரு உதறுனா?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது சந்தேகம் இல்லம்மா. பட்டறை வழக்கம்" என்றார்.

"வழக்கம்னா எல்லாருக்கும் வச்சிருக்கணும். பொம்பளைக்கு மட்டும் வச்சா அதுக்குப் பேரு வேற."

கை தட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாளைக்குப் பட்டறையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி உள்ளே போனார்.

4. மறுநாள்

பஸ்ஸில் வரும்போது ரஹ்மத்து முந்தியைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை. அவளுக்கு வேலை போய்விடும், என் வாயால் போய்விடும் என்று எனக்குப் பயம். என் பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். அவள் மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அண்ணாச்சி எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் துணி விரித்துக் கிடந்தது. உதறாமல் யாரும் போகக் கூடாது, முக்கியமாக எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கும்படி அண்ணாச்சி சொன்னார் என்று மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் ரஹ்மத்தின் கையைப் பிடித்து, எனக்காக ஒன்றும் செய்யாதே, உதறிவிட்டுப் போ என்றேன்.

அவள் வழக்கம்போல டிரம்மில் கை கழுவினாள். சாக்கில் கால் துடைத்தாள். ஆம்பிளைகள் செய்வதெல்லாம் செய்தாள். பிறகு துணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேஸ்திரி, கை கழுவியாச்சு, கால் தொடச்சாச்சு. சேலை என்னோடது" என்று சொல்லிவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

நான் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் மெருகுக்காரப் பெண்கள் வந்தார்கள். மேஸ்திரி தடுக்கவில்லை. "அண்ணாச்சிக்கு நான் என்னத்தச் சொல்லட்டும்" என்று மட்டும் கேட்டார்.

தெருவுக்கு வந்ததும் ரஹ்மத்து நின்று, "பேச்சிக்கா, இங்கன உதறுவோமா?" என்றாள். நடுத்தெருவில், பூக்கடைக்காரர் பார்க்க, நாங்கள் முந்தியை உதறினோம். தூசு பறந்தது. வெள்ளித் தூசு மின்னாது, கருப்பாகத்தான் இருக்கும். பறந்தது வெள்ளியா, டவுன் புழுதியா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மனசு மாறியதால் அல்ல. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது, மெருகு தெரிந்த கை வேறு இல்லை. துணி கொஞ்ச நாள் விரித்தபடியே கிடந்தது. எல்லாரும் சுற்றிக்கொண்டு போனோம். அப்புறம் அதை எடுத்துவிட்டார்கள்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சம்பளத்தை விசாரிக்கிற அன்றே வாசலையும் பாருங்கள். அதில் யார் சும்மா போகிறார்கள், யார் நின்று உதறிவிட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள். முதல் நாளே கேட்டுவிடுங்கள். என்னைப் போலப் பழகிப்போனால், ஒரு நாள் யாரும் சொல்லாமலே கை தானாக உதறும்.

சிலை இப்போது கடையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நாட்டியப் பெண் என்றுதான் வருகிறவர்கள் சொல்கிறார்களாம். எத்தனை கிலோ என்றுதான் கேட்கிறார்களாம். அது உதறிக்கொண்டே நிற்கிறது. ரஹ்மத்து நிறுத்திவிட்டாள்.