நான் கழுவிவிட்ட ரத்தக் கண்ணாடி

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது, முன்பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் என்று நினைவு. ராஜபாளையத்தில் மலேரியாக் கிருமியை ஆராய்ச்சி செய்ய ஒரு டாக்டரம்மா வாடகைக்கு அறை எடுத்திருந்தார். தீர்ந்துபோன காய்ச்சல் சில மாதம் கழித்து அதே ஆளுக்கு ஏன் திரும்புகிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. ரத்தம் தடவிப் பார்த்து முடித்த கண்ணாடித் துண்டுகளைக் கழுவித் துடைப்பது என் வேலை.

என் வீட்டுக்காரர் மெட்ராசில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியதிலிருந்து காய்ச்சல் வந்து வந்து போனது. இன்னொரு முறை படுத்தால் வரவேண்டாம் என்று ஊரில் புதிதாகச் சேர்ந்திருந்த மில்லில் சொல்லிவிட்டார்கள். அப்போதும் டாக்டரம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டேன். ஒருநாள் அவரே நடுங்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டார். அம்மா விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக் காயவைத்தார். காய்ந்ததும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்.

நான் எடுத்தேன். கைப்பழக்கம், நேரே சோப்புத் தண்ணீரில் போட்டேன். துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் உறைத்தது. அம்மா திரும்பும்வரை கதவோரமே நின்றேன்.

"அம்மா, அவிய ரத்தத்தைக் கழுவிட்டேன்."

"கழுவுறதுதானே உங்க வேலை" என்று சிரித்தார். "நாளை மறுநாள் மறுபடி குளிரும். வீட்டுக்கே வர்றேன். அதுவரை மாத்திரை எதுவும் கொடுத்திராதீங்க."

வீட்டில் இவர் சொன்னார்: "ஏட்டி, நம்ம வீட்டுச் சட்டியை அம்புட்டுச் சுத்தமா என்னைக்காவது கழுவியிருக்கியா?"

சொன்னபடியே குளிர் வந்தது, அம்மாவும் வந்தார். மறுபடி ரத்தம் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். கல் வைத்த மோதிரம்போல நீலமாக ஒன்று கிடந்தது.

"ரத்தத்துல இருக்கிறது செத்தாலும் ஈரல்ல கொஞ்சம் ஒளிஞ்சு கிடக்கும். அதையும் கொல்லணும்."

மாத்திரை ஒத்துக்கொள்ளுமா என்று சோதித்துவிட்டுப் பதினாலு நாளைக்குக் கொடுத்தார். காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "முழுங்கினதைக் கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்பார்.

அதற்குப் பிறகு அந்தக் காய்ச்சல் வரவில்லை. இவர் வயதாகி ஓய்வு பெறும்வரை அதே மில்லில் இருந்தார். அம்மா ஊரைவிட்டுப் போன அன்று வாய் திறந்து நன்றி சொல்ல வரவில்லை, பெட்டியை மட்டும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அதனால்தான் இதை எழுதினேன். மாத்திரை பதினாலு நாள்தானா, கிருமி ஒளிவது ஈரலா மண்ணீரலா என்று விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்தினால் உபகாரமாக இருக்கும்.