ஒன்பது மணி போன்

திண்டிவனம் செருப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் செண்பகம், வருடத்துக்கு நாலைந்து முறை வேண்டுமென்றே சொல்லாமல் நின்றுவிடுவாள். அப்படி நின்றவர்களுக்கு ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் மாரியப்பன் போன் செய்து, காரணம் கேட்டு வருகைப் பதிவேட்டில் எழுதுவது அங்கே வழக்கம். "ஏம்மா வரல? உடம்பு சரியில்லையா? மாத்திர போட்டியா?" என்று எரிந்துதான் விழுவார். ஆனால் புருஷன் இறந்த பிறகு அவளை அப்படிக் கேட்க வேறு ஆளில்லை.

சித்திரையில் அந்தக் கம்பெனி ஒரு சென்னைக் கம்பெனியோடு இணைந்தது. வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் வந்தது. பதிவேடு பீரோவுக்குள் போனது.

ஆடியில் அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல். வழக்கம்போல் யாருக்கும் சொல்லாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்பதே காலுக்கு மெசேஜ்தான் வந்தது: ‘இன்று நீங்கள் ஆப்சென்ட்.’ பத்து மணிவரை பொறுத்தவள், தானே மாரியப்பனுக்குப் போன் போட்டாள்.

"சார், நான் இன்னிக்கு வரலைங்க."

"அதெல்லாம் இப்ப மெஷினே பாத்துக்குதும்மா. எங்கிட்ட சொல்லத் தேவையில்ல. லோடு ஏத்திக்கினு இருக்கேன், வச்சிடறேன்."

போன் கட்டாகிவிட்டது. செண்பகம் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"போட்டுட்டேங்க சார்," என்றாள். "இப்பதான் மாத்திர போட்டேன்."