லயத்து வீட்டில் தண்ணீர் கேட்டேன்

எத்தனை வீட்டில் தேநீர் குடித்தால் ஒரு போதகரை நல்லவர் என்று சொல்வார்கள்? ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. பதில்தான் இன்னும் கிடைக்கவில்லை.

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்றும் தெரியவில்லை. தலை நரைக்க ஊழியம் செய்தவர்கள் எழுத வேண்டியது இது. நான் மலேசியாவில் பெடாஸ் பக்கத்தில் ஒரு தோட்டச் சபையில் சில வருடங்களாகத்தான் போதகராக இருக்கிறேன். வீட்டில் ஒரு சின்னப் பெண் குழந்தை. ஆனாலும் இறையியல் கல்லூரியிலிருந்து வெளியே வரும் தம்பி தங்கைகளை நினைத்தால் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிரசங்கம் தயாரிக்கவும் அடக்க ஆராதனை நடத்தவும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகக் கிடைக்கும் தேநீரை என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை.

1. பாஸ்டர் வரலியா?

முதல் நாள் சபை வாசலில் எங்கள் கார் நின்றபோது வரவேற்க வந்தவர் டேவிட் அண்ணன். தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டித் தலைவர். என்னைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

“வாங்க பாஸ்டரம்மா. பாஸ்டர் வரலியா? பின்னால மோட்டார்ல வர்றாரா?”

எங்கள் பக்கத்தில் பாஸ்டரம்மா என்றால் போதகரின் மனைவி.

“நான்தான் அண்ணே பாஸ்டர்.”

“அப்ப இவரு?”

பிள்ளையின் பம்பர்ஸ் டயப்பர் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற என் கணவர் சாம் முந்திக்கொண்டார். “நான் டிரைவர் லா அண்ணே.”

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் எனக்குப் பாஸ்டரம்மா என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே லயத்து வீடுகளைப் பார்க்கப் போனோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். முதல் வீடு ரோஸ்லின் அக்காவுடையது. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அவருக்கு. குரல் நாலு வீடு தாண்டிக் கேட்கும். சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய டின் பால் ஊற்றிக் கெட்டியாகத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார்.

“குடிங்க பாஸ்டரம்மா. காத்தடிச்சா பறந்துருவீங்க போல. பிள்ளைக்குப் பால் குடுக்க வேணாமா?”

குடித்தேன். அடுத்த வீட்டிலும் குடித்தேன். ஜெபம் முடிந்ததும் கோப்பை வரும். கோப்பை காலியானால்தான் வீட்டார் முகம் மலரும். டேவிட் அண்ணன் வீட்டில் அவர் என் பூர்வீகம் விசாரித்தார். பிறந்தது செரம்பான் தெமியாங் என்றும், தாத்தாவின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதியவர் என்றும் பெருமையாகவே சொன்னேன்.

“அப்படியா?” என்றார் டேவிட் அண்ணன்.

2. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வேலை

கர்ப்பத்தில் எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. பிள்ளை பிறந்ததும் போய்விடும் என்றார்கள். பலருக்குப் போகுமாம், எனக்குப் போகவில்லை. கிளினிக்குக்கு வரச் சொன்ன நாள்களில் யாருக்காவது வீடு குடிபுகும் ஜெபம் இருக்கும், இல்லாவிட்டால் யாராவது ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். என் உடம்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வீடுகளைப் பார்த்துவிட்டுப் பாரோயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரோட்டி வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன லோரியின் பின்பக்கம் கலங்கித் தெரிந்தது. கண்ணைக் கசக்கியும் தெளியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டேன். லோரிகள் கடக்கும்போதெல்லாம் கார் ஆடியது. பின் சீட்டில் பிள்ளை அழுதாள். இறங்கிப்போய் அவளைத் தூக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. சாம் மோட்டார் சைக்கிளில் வந்து சேரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன்.

கிளினிக்கில் தமிழ் டாக்டர்தான். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, “என்னம்மா சாப்பிடுறீங்க?” என்றார்.

“தேத்தண்ணி டாக்டர்.”

“எத்தனை?”

“எத்தனை வீடோ அத்தனை.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பிள்ளைய வச்சிக்கிட்டுக் கார் ஓட்டுறீங்க. இப்படியே போனா கண்ணு, கிட்னி எல்லாம் கேள்வி கேக்கும். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?”

எங்கள் வேலையில் அந்த ஒரு வார்த்தையைத்தான் யாரும் பழகுவதில்லை.

அன்றே இரண்டு முடிவுகள் எடுத்தேன். இனி எந்த வீட்டிலும் தேநீர் குடிப்பதில்லை. காரணத்தை யாரிடமும் சொல்வதும் இல்லை. பெண் போதகரை அவர்கள் ஏற்றுக்கொண்டதே அரை மனதோடு. நோயாளி என்று தெரிந்தால் மாற்றச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். முதல் முடிவு சரி. இரண்டாவதை இன்றும் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

3. எங்க கப்பு கழுவித்தான் இருக்கு

“இப்பத்தான் குடிச்சேன்” என்றேன் ஒரு வீட்டில். “வயிறு சரியில்ல” என்றேன் இன்னொரு வீட்டில். ரோஸ்லின் அக்கா கலக்கிவைத்த தேத்தண்ணியை எடுத்துப்போய்ச் சாக்கடையில் ஊற்றினார்.

“வேணாம்னா விடுங்க. எங்க கப்பு கழுவித்தான் இருக்கு.”

எனக்குப் புரியவில்லை. ஆனால் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வீடுகள் பூட்டியிருந்தன. ஞாயிறு ஆராதனையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. விஷயத்தைச் சொன்னது சாம். டேவிட் அண்ணன் அவரைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கிறார்.

“கிராணி வீட்டு ஆளுங்க லயத்துல பச்சத் தண்ணி கூடத் தொட மாட்டாங்களாம். அவரோட அப்பா சொல்லிக் கேட்டிருக்காராம். ‘அதெல்லாம் போயிருச்சுன்னு நெனச்சோம் தம்பி, உங்க வீட்டம்மாகிட்ட இன்னும் இருக்கு’ன்னு சொல்றாரு. வேற பாஸ்டர் கேக்கப் போறாங்களாம். அடுத்த ஞாயிறு கமிட்டி கூடுது.”

முதலில் கோபம்தான் வந்தது. இவர்கள் மனம் நோகக்கூடாது என்று குடித்துக் குடித்துத்தானே நோயை வளர்த்தேன்! பிறகு கோபம் தணிந்தது. எங்கள் வீட்டில் தோட்டத்து ஆட்களுக்குத் தனிக் குவளை இருந்ததை அப்பாவே சொல்லியிருக்கிறார். டேவிட் அண்ணன் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. நான் காரணம் சொல்லாமல் விட்ட இடத்தில் தனக்குத் தெரிந்த காரணத்தை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

“இனிப்பு நீருன்னு சொல்லிட வேண்டியதுதானே?” என்றார் சாம். சர்க்கரை நோயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

“சொன்னா மாத்திடுவாங்க.”

“சொல்லலன்னாலும் மாத்தத்தான் போறாங்க.”

“அப்ப சொல்லிட்டே போறேன்,” என்றேன். “ஆனா அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு.”

சர்க்கரையை மட்டும் சொன்னால், ‘சாக்குச் சொல்கிறாள்’ என்பார்கள். அந்தக் காலத்தில் தொடாதது தண்ணீர் என்றால், நான் கேட்க வேண்டியதும் தண்ணீர்தான்.

4. கிராணியம்மாவுக்குத் தாகம்

கமிட்டிக்கு முந்தைய சனிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோஸ்லின் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“அக்கா, குடிக்கத் தண்ணி குடுங்க.”

“போத்தல் தண்ணியெல்லாம் இங்க இல்ல.”

“நீங்க குடிக்கிற தண்ணிதான் வேணும்.”

“என்னா, கிராணியம்மாவுக்கு இன்னிக்குத் தாகமா?”

“தாகம்தான்க்கா. எனக்கு இனிப்பு நீர்.”

அக்கா வாசல் படி இறங்கி வந்தார். “எப்பருந்து?”

“இவ வயித்துல இருந்தப்பருந்து.”

“அடிப்பாவி! அத்தனை சனிக்கிழமையும் என் டின் பாலக் குடிச்சீங்களே! உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான்ல கொலகாரி!”

ஒரு பெரிய கோப்பை நிறைய, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். வாய் வைத்தே குடித்தேன். இன்னொன்று கேட்டேன். அதையும் குடித்தேன். அக்கா எதிரே உட்கார்ந்துகொண்டார்.

“எனக்கும் அதேதான் பாஸ்டரம்மா. டேவிட் அண்ணனுக்குக் கால் விரல எடுத்தாங்களே, எதனாலன்னு நெனச்சீங்க?”

“அப்புறம் ஏன்க்கா என்னோட உக்காந்து நீங்களும் குடிச்சீங்க?”

“வந்தவங்களத் தனியா குடிக்க விடுறதா? உங்களுக்காகத்தான் குடிச்சேன்.”

“நான் உங்களுக்காகக் குடிச்சேன்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் எனக்குத் திக்கென்றது. போதகர் வரும் நாள் என்பதாலேயே இந்த லயம் முழுவதும் சனிக்கிழமைதோறும் பத்தியத்தை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஜெபம் செய்துவிட்டு வந்த வீடுகளில் எல்லாம் சர்க்கரையை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

5. கமிட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியதும் நானே முதலில் எழுந்தேன். நோயைச் சொன்னேன். மறைத்ததையும் ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: “நோவோட எப்படி இத்தனை வீட்டையும் பாப்பீங்க?”

அவரைப் பார்த்தே சொன்னேன். “ஒரு வீடும் விடாம பாப்பேன். தண்ணி மட்டும் குடுங்க. திங்கக்கிழமை எனக்கு லீவு. அன்னிக்கு கிளினிக், பிள்ளை, தூக்கம். யாருக்காவது சாவுன்னா மட்டும் கூப்பிடுங்க.”

“சும்மா சும்மா கூப்பிட்டா அவங்க சாவுக்குத்தான் நாம போகணும்!” என்று ரோஸ்லின் அக்கா கத்தினார். சிரிப்பு கிளம்பியது. வேறு போதகர் கேட்கும் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை.

இப்போது ஞாயிறு அறிவிப்புகளில் உபவாச ஜெபத்தோடு சேர்த்து என் கிளினிக் நாளையும் வாசிக்கிறார்கள். ரோஸ்லின் அக்காவும் என் காரிலேயே கிளினிக்குக்கு வருகிறார். சர்க்கரை இறங்கியிருக்கிறது, சில மாதம் ஏறவும் செய்கிறது. ஆனால் ஓரம் கட்டி நிறுத்த வேண்டிய நிலை திரும்ப வரவில்லை.

ஊழியத்துக்கு வரப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வேண்டாம் என்பதோடு நிறுத்தாதீர்கள், உங்களால் ஏற்றுக்கொள்ள முடிந்த வேறொன்றை அதே வாயால் கேளுங்கள். காரணத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். நோய் தெரிந்தால் மரியாதை போகும் என்று நினைத்தேன். உண்மையில் மரியாதை போனது நோயை மறைத்தபோதுதான். ஓய்வு நாளை நீங்களே அறிவியுங்கள், வேறு யாரும் உங்களுக்காக அறிவிக்க மாட்டார்கள். இதெல்லாம் எல்லாச் சபைக்கும் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் சபையில் நடந்தது.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. டேவிட் அண்ணன் வீட்டுக்குப் போனால் எனக்குத் தண்ணீர் வைக்கிறார். தனக்கு டின் பால் ஊற்றிய தேத்தண்ணியை வைத்துக்கொள்கிறார். போன முறை அவருடைய மற்றக் காலிலும் கட்டுப் போட்டிருந்தது.

“அண்ணே, இத விட்றலாமே,” என்றேன்.

“நீங்க தண்ணி குடிங்க பாஸ்டரம்மா. சின்னப் பிள்ளையில எங்க வீட்டுல பால் டின்னு ஒடைக்கிறதே பாஸ்டர் வர்ற அன்னிக்குத்தான். அந்த டின்ன வழிச்சு நக்கி வளந்தவன் நான். இன்னிக்கு என் வீட்டுல வேணுங்கிறது இருக்கு. இதையும் வேணாங்கிறீங்களா?”

கிராணி வீட்டுப் பெண் நான், இதற்கு மேல் என்ன சொல்வேன்? சொல்லாமல் விட்டால் அவருடைய அடக்க ஆராதனையை நான் நடத்த வேண்டிவரும். அதற்கு எனக்குச் சம்மதமில்லை. வரும் சனிக்கிழமையும் போவேன், அதற்கடுத்த சனிக்கிழமையும் போவேன்.

இப்படி ஒருவரோடு மல்லுக்கட்டிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். என்ன பேசி அந்தக் கோப்பையை அவர் கையிலிருந்து இறக்கினீர்கள்? அவர் மனம் நோகாமல் செய்ய வழி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் நொந்தாலும் பரவாயில்லை. அவர் இருக்க வேண்டும்.