சிவப்புத் தாளும் ஆறு மாத்திரையும்

என் மச்சானின் முன்பல்லை உடைத்தபோது என் கை நன்றாக இருந்தது. ஆமத்தூர் பேருந்து நிறுத்தத்தில், டீக்கடை வாசலில், நாலு பேர் பார்க்க உடைத்தேன். அன்றுதான் சூரத்திலிருந்து வந்து இறங்கியிருந்தேன். நேரே அக்கா வீட்டுக்குப் போனால், அவள் ஒரு காதில் துணியை அழுத்திப் பிடித்தபடி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தோடு போடும் இடம் கிழிந்து தொங்கியது.

"கதவு இடிச்சிருச்சுலே" என்றாள்.

கதவு தோட்டைப் பிடித்து இழுக்காது. அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதவு அவளை இடித்துக்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவ அவ மேல கை வச்சேன்னா உன்னக் கொன்னுருவேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தேன். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நான் அன்று சாயங்காலமே திரும்ப ரயிலேறிவிட்டேன். ஓர் ஊரில் இரண்டு வருடம் இருந்தால் எனக்கு உடம்பு அரிக்கும். ஐந்தாவது வரைதான் படிப்பு. சூரத்தில் துணிப் பேல் மூட்டை தூக்கினேன், மகாராஷ்டிரத்தில் வெல்லக் கொட்டகையில் இருந்தேன், லாரியில் கிளீனராகப் போனேன். எல்லா ஊரிலும் அடித்திருக்கிறேன், எல்லா ஊரிலும் வாங்கியிருக்கிறேன்.

வெல்லக் கொட்டகையில் ஒரு காலையில் எழுந்தபோது இரண்டு கையும் மூடவில்லை. விரல் கணுக்கள் அவித்த கிழங்குபோல வீங்கியிருந்தன. குடித்துவிட்டுக் கிடக்கிறேன் என்று நினைத்து முதலாளி இடுப்பில் மிதித்தான். அந்த மிதி பெரிதாக வலிக்கவில்லை. தரையில் கை ஊன்றி எழுந்ததுதான் வலித்தது. ஒரு வருடம் மருந்துக்கடைக்காரர்கள் பொட்டலம் கட்டித் தந்த கலப்பு மாத்திரைகளில் ஓடினேன். விழுங்கினால் அன்றைக்குத் தூக்கலாம். முகம் உப்பி, நிலைக்கண்ணாடியில் வேறு ஆள் தெரிந்தான். பிறகு அதுவும் கேட்காமல் போய், விருதுநகர் ஜங்ஷனில் வந்து இறங்கினேன்.

மிளகாய் வற்றல் மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கிகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மூட்டுக்கான டாக்டர் மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் ஒரு நர்ஸ்தான். எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிட்டோம். நாற்பத்தைந்து வயதிருக்கும், உள்ளூர்க்காரர், குரல் மட்டும் சந்தைக்கடைக் குரல். செவ்வாய்க்கிழமைதோறும் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். வாளியை விரலில் தூக்காதே, முழங்கையில் மாட்டு. காலையில் வெந்நீரில் கையை வை. ஒரே மூச்சில் வேலை செய்யாதே, பிரித்துச் செய். கடைப் பொட்டலத்தைத் தொடாதே.

என் நோயை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "ஒங்க ஒடம்பு காவலுக்கு வச்ச ஆளு, அண்ணே, திருடன விட்டுட்டு வீட்டுக்காரனப் போட்டு அடிக்கிறான். இந்த மாத்திர அவன் கையக் கட்டிவைக்கும். அதுக்குன்னு ரொம்ப இறுக்கிக் கட்டுனீகன்னா திருடன் உள்ள வந்துருவான். அதான் வாரத்துக்கு ஒரு நாளு. ஞாயித்துக்கிழம ஆறு மாத்திர. அடுத்த ஞாயிறு வரைக்கும் அதத் தொடப்பிடாது."

இரண்டாவது செவ்வாய்க்கிழமை வகுப்புக்குள் நுழைந்தால், பெஞ்சில் மச்சான் உட்கார்ந்திருந்தான். கைகள் என் கைகளைப்போலவே இருந்தன.

அவன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ஆள். தீபாவளி சீசனில் விரல் பிடிமானம் இல்லாமல் ஒரு தட்டைக் கீழே விட்டிருக்கிறான். வெடிக்கவில்லை. போர்மேன் அவன் கன்னத்தில் இரண்டு அறை அறைந்து, "ஷெட்டுல இருக்க அம்புட்டுப் பேரையும் கரியாக்கப் பாக்கியாலே" என்று வெளியே தள்ளிவிட்டான். அதிலிருந்து வீட்டில் கிடக்கிறான். அக்கா பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிய கூலியில் அடுப்பெரித்தாள்.

"கை வீங்குனதுலருந்து அடி இல்லலே" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். "நல்லாத் தூங்குறேன்."

சிஸ்டருக்கு ஒரு வழக்கம். ஒரே ஊர்க்காரர் இரண்டு பேரை ஜோடி சேர்த்துவிடுவார். ஒருவர் மற்றவருக்கு மாத்திரை நாளை நினைவுபடுத்த வேண்டும். வாயில் புண், காய்ச்சல் என்றால் உடனே அவருக்கு ஃபோன் போட வேண்டும்.

"ரெண்டு பேரும் ஆமத்தூரா? நல்லதாப் போச்சு, ஜோடி" என்றார்.

"சிஸ்டர், இவன் என் பல்ல உடைச்சவன்" என்றான் மச்சான்.

"எந்தக் கையால?"

"சோத்துக் கையால."

ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடித்து, என் வலது கையில் கொடுத்தார். பிடியின் பலத்தை அப்படித்தான் அளப்பார். பலம் கொண்டமட்டும் அமுக்கினேன். பாதரசம் ஐம்பத்து நாலில் நின்றது.

"இந்தக் கை இனிமே அப்பளத்தக்கூட உடைக்காது. பயப்படாம கூட்டிட்டுப் போங்க" என்றார் மச்சானிடம். அறையே சிரித்தது. மச்சானுக்கு நாற்பத்தெட்டு. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். அந்த எண் ஏறக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவனோடு பேருந்தில் திரும்பினேன். நாற்பத்தெட்டில் இருக்கிறவரை அக்கா தூங்குவாள்.

மச்சானுக்கு எழுத்து தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. வேலை இல்லாதவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். அப்போது நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பண்டல்களை எண்ணி வைக்கிற வேலை பார்த்தேன். ஓரம் கோணலாக வெட்டுப்பட்ட தினசரி காலண்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், புத்தாண்டுக்கு மறுநாள் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டினேன்.

"தெனம் ஒரு தாளு கிழி. செவப்புத் தாளு வந்துச்சுன்னா ஆறு மாத்திரயப் போடு. கறுப்புன்னா போடாத. அம்புட்டுத்தான்."

செவ்வாய்க்கிழமை சிஸ்டரிடம் சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தாள் கிழிப்பது விரலுக்கும் பயிற்சி என்றார். எழுத்து தெரியாத மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார். என் வாழ்க்கையில் ஒரு யோசனை சொல்லிப் பாராட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

ஜனவரியின் முதல் இரண்டு ஞாயிறும் ஒழுங்காகப் போயின. அந்த வருடம் பொங்கல் வியாழக்கிழமை. வியாழன் சிவப்பு. மாட்டுப் பொங்கல் சிவப்பு. உழவர் திருநாள் சிவப்பு. அதற்கு மறுநாள் ஞாயிறு. அந்தத் தாள்களை ஆயிரக்கணக்கில் கையில் எடுத்து அடுக்கியவன் நான். விடுமுறை நாளும் சிவப்பில்தான் அச்சாகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்தது அந்த நேரத்தில் தலைக்கு வரவில்லை. ஜோடி என்றால் பொங்கலன்று போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் சாத்தூரில் ஒரு கூட்டாளியோடு குடித்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் நாலு நாளும் தாளைக் கிழித்தான், நாலு நாளும் ஆறு ஆறாக விழுங்கினான். மூன்றாம் நாளே வாய் எரிந்திருக்கிறது. கரும்பு கடித்ததில் கிழித்துவிட்டது என்று அக்கா நினைத்தாள். பொங்கல் வாரத்தில் யாருக்குத்தான் வாய் கிழியாது. அடுத்த வாரம் தண்ணீர் விழுங்க முடியவில்லை. ஈறில் ரத்தம் நிற்கவில்லை. காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்தது.

அக்கா எனக்கு ஃபோன் போட்டாள். "ஏலே, ரெண்டு மாசத்து மாத்திர இதுக்குள்ள பாதிக்கு மேல காலியாயிருச்சே. எப்பிடி?"

காலண்டர் முன்னால் நின்றுகொண்டுதான் அந்த ஃபோனை எடுத்தேன். அச்சகச் சுவரில் கிழிக்காமல் தொங்கியதை ஒரு விரலால் புரட்டினேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சிஸ்டருக்குச் சொன்னேன். எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று கேட்டார். பிறகு, "தூக்கிட்டு வாங்க" என்றார்.

வேனிலிருந்து இறக்கும்போது மச்சானின் வாயோரத்தில் தோல் உரிந்து சதை தெரிந்தது. அவனுடைய தம்பிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். இருவரும் லோடு ஏற்றுகிற ஆட்கள்.

"கொன்னுருவேன்னு டீக்கடையில வச்சுச் சொன்னவன்தானலே நீயி. காலண்டரு குடுத்துக் கொல்றியோ?"

முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவது விலாவில். கீழே விழுந்ததும் மூத்தவன் என் வலது மணிக்கட்டின் மேல் ஏறி நின்றான். நான் வாங்கிய அடிகளில் அதுதான் பெரிது. வீங்கிய மூட்டை மிதித்தால் வலி கையில் நிற்காது, பல்லுக்குள் வரும். கத்தினேன். அக்கா வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தடுக்கவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள் என்று தெரிந்தபோது, நான் கத்துவதை நிறுத்தினேன்.

சிஸ்டர் கையில் ஊசித் தட்டோடு ஓடிவந்தார். தட்டாலேயே மூத்தவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். ஊசிகளும் பஞ்சும் தரையெல்லாம் சிதறின.

"செவப்புத் தாளுன்னு இவரு மட்டும் சொல்லல, நானுந்தான் ஊருக்கெல்லாம் சொன்னேன். என்னயும் மிதிங்க. இல்லாட்டி ஒங்க அண்ணனத் தூக்குங்க. மதுரைக்குக் கொண்டு போகணும்."

தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் அவர் அங்கேயே படியில் உட்கார்ந்து, சிவப்புத் தாள் சொல்லிக்கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டார். நான் பக்கத்தில் காதில் பஞ்சோடு உட்கார்ந்து, நோட்டில் பேர்களைத் தேடிக் காட்டினேன். சிலர் கூடுதலாக ஒரு வேளை போட்டிருந்தார்கள். எல்லாரையும் மறுநாள் காலையிலேயே ரத்தப் பரிசோதனைக்கு வரச்சொன்னார். பேசி முடித்ததும், சிதறிக் கிடந்த ஊசிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

மாத்திரையின் விஷத்தை முறிக்கிற ஊசியும், பாட்டில் பாட்டிலாக ரத்தமும் ஏற்றி, மதுரையில் மச்சானைப் பிழைக்கவைத்தார்கள். எலும்பாகத் திரும்பி வந்தான். சித்திரையில் டாக்டர் மறுபடியும் அதே மாத்திரையைக் குறைத்து ஆரம்பிக்கச் சொன்னார். பிறகு பழைய அளவு. காலண்டர்களுக்குப் பதிலாக, ஒரு வாரத்துக்கு ஒரு உறை என்று சிஸ்டர் பிரித்துக் கட்டிக் கொடுத்தார்.

மச்சானின் கை தேறத் தொடங்கியது. எழுபது. தொண்ணூறு. பாதரசம் ஏற ஏற எனக்குப் பயம். ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரும் போன பிறகு சொல்லிவிட்டேன்.

"அந்தக் கை நல்லாக வேணாம் சிஸ்டர். அது எங்கக்காவ அடிக்கிற கை."

அவர் பட்டையைச் சுருட்டிக்கொண்டே, "அக்கா என்ன சொல்றாக?" என்றார்.

"கேக்கல."

"அடிவாங்குறவுகளக் கேக்காம நாம ரெண்டு பேரும் என்னத்தப் பேச? அவுகள அனுப்பிவைங்க."

அடுத்த வாரம் அக்கா போனாள். கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் பேசினார்கள். திரும்பி வரும்போது உறைகள் அவள் மடியில் இருந்தன.

"கேட்டாகளா?" என்றேன்.

"கேட்டாக. மொடங்குன கைய வச்சுக்கிட்டு நான் என்னலே செய்ய, அது சம்பாதிக்கட்டும்னேன். அடிச்சா எங்க வரணும்னு ஒரு ஃபோன் நம்பரு குடுத்தாக. மாத்திரய நானே வச்சுக்கிட்டுக் குடுக்கச் சொன்னாக."

நூற்றிருபது ஆனபோது கம்பெனியில் மச்சானைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மருந்து அடைக்க அல்ல, பெட்டி கட்ட. முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் ஞாயிறு. கறி எடுத்துச் சமைத்து, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குழம்பில் உப்புக் கூடிவிட்டது. மச்சான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அப்படி எழுவது எதற்கென்று எனக்குத் தெரியும். நான் குறுக்கே போய் நின்றேன்.

அவன் வலது கையை மூடினான். ஐந்து விரலும் உள்ளே மடங்கி முழுதாக மூடின. அது என் தாடையில் இறங்கியது. சுவரில் மோதி உட்கார்ந்தேன். நாக்கில் ஒரு பல் உருண்டது.

"கணக்குத் தீந்துச்சு மாப்ள" என்று சொல்லிவிட்டு, அதே கையை ஓங்கிக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினான்.

அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அந்த வார உறையைப் பிரித்து, உள்ளங்கையில் மாத்திரைகளைக் கொட்டியிருந்தாள். பக்கத்தில் மற்ற உறைகளும் இருந்தன.

"அடி" என்றாள். "ஆனா இனி மாத்திர எங்கையில. ஆறு குடுத்தா கை மூடும். ஒண்ணுமே குடுக்காட்டி மறுபடி மொடங்கும். முப்பது குடுத்தா என்னாகும்னு ஒனக்கு நல்லாத் தெரியும். குழம்புல போட்டாலும் தெரியாது. எழுத்து தெரியாத பொம்பள, தெரியாமப் போட்டுட்டேம்பேன். ஊரு நம்பும். செவப்புத் தாளுன்னு ஒருக்கா நம்புனதுதான."

குரலை அவள் உயர்த்தவில்லை. மச்சான் தட்டில் கிடந்த குழம்பைப் பார்த்தான். ஓங்கிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது.

உட்கார்ந்து கையை நீட்டினான். அவள் கொட்டினாள். எழுத்து தெரியாதவன், ஒவ்வொரு மாத்திரையாக விரலால் நகர்த்தி, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினான். ஆறு வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினான். அதன் பிறகுதான் விழுங்கினான்.

நான் இப்போது லாரியோடு சுற்றுகிறேன். ஞாயிறுகளில் அக்காவுக்கு ஃபோன் போடுவேன். அவன் எண்ணுகிற சத்தம் பின்னால் கேட்கும்வரை வைக்கமாட்டேன்.