வெடிக்காத மாமா

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாளிலேயே கோட்டை விட்டவன் நான்; பேனாவைத் தொட்டால் அந்த வாத்தியார் எங்கிருந்தாலும் தும்முவார். ஆனால் மாமாவைப் பற்றி ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். எதிலுமே நான் இல்லை. அந்த அநியாயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடு இருந்தார். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லாரிகளுக்கு லோடு ஏற்றிவிடும் வேலை. நான் ஐந்தாவது படிக்கும்போது அவருடைய நெஞ்சு திடீர் திடீரென்று தறிகெட்டு ஓட ஆரம்பித்தது. கம்பெனியில் அவர் முதுகுக்குப் பின்னாலேயே சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். மாமா கிளாஸ் தளும்பாமல் டீ குடிப்பார். அதே மனிதர் செருப்பு வாரை மாட்டக் குனிந்தால் போதும், இதயம் லாரியை முந்திக்கொண்டு ஓடும்.

மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

"இதயத்துல கரண்டு போறதுக்கு வழி ஒண்ணுதான் இருக்கணும். இவருக்குக் கூடுதலா ஒண்ணு இருக்கு. தொடை வழியா ஒயர விட்டு அதைச் சூட்டுல கருக்கிடுவோம்" என்றார் டாக்டர்.

அம்மா பதறிவிட்டாள். "ஐயா, என்ன சொல்றீக? எங்க ஊருல திரியில நெருப்பு வச்சா வெடிக்கத்தான்யா செய்யும். அணையவா செய்யும்?"

"சும்மா இரு அக்கா. நம்ம திரி வேற, டாக்டரு திரி வேற" என்று மாமாதான் அவளைச் சமாளித்தார்.

கடைசியில் எந்தத் திரியும் கருகவில்லை. கூடுதல் வழி, அசல் வழியை ஒட்டியே கிடந்ததாம். அதைக் கருக்கப் போய் இதுவும் கருகினால் நெஞ்சுக்குள் மெஷின் வைக்க வேண்டி வரும் என்று ஒயரை வெளியே எடுத்துவிட்டார்கள். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஓட்டம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் முகத்தை முக்கு, சில நேரம் அடங்கும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

பன்னும் சாத்துக்குடியுமாகத் தெருவே வந்து விசாரித்தது. "என்னப்பா ஆச்சு?"

"நமத்த திரி, அக்கா. பத்தவே இல்ல" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. பற்றவைத்து வெடிக்காமல் கிடக்கும் வெடிக்கு எங்கள் ஊரில் ஒரே சட்டம்தான்: கிட்டப் போகாதே, தொடாதே, பிள்ளைகளை விடாதே. அம்மா அந்தச் சட்டத்தை அப்படியே சொந்தத் தம்பிக்குப் போட்டாள். ரேடியோவை அணைத்தாள். தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள். மாமாவின் வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே, "ஏலே, தள்ளி நில்லு!" கம்பெனியிலும் வேறு ஆளைப் பார்ப்பதாகப் பேச்சு வந்தது. மாமா கட்டிலில் கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குப் போனதும் கூப்பிட்டார். "அரிசிப் பானைக்குள்ள கை விடுறியாலே? பரோட்டா வாங்கித் தாரேன்."

ஆம்லேட்டும் சேர்த்து பேரம் பேசிவிட்டுத்தான் கையை விட்டேன்.

ஆனைக்குட்டம் அணைக்குப் போனோம். வண்டியை நிறுத்திவிட்டுக் கரையில் இறங்கும்போதே மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. சட்டைப் பை துள்ளுவது எனக்கே தெரிந்தது. தண்ணீர் ஓரமாக மெல்ல மண்டியிட்டார்.

"வா, மூச்சடக்கிப் போட்டி வைப்போம். நாந்தான் மொதல்ல. தலையத் தூக்க நேரமாச்சுன்னா நீ கத்தணும். ஊரே ஓடியார மாதிரி கத்தணும், என்ன?"

முகத்தை முக்கினார். எழுந்தார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இது செல்லாது" என்றார். மறுபடியும் முக்கினார். அதுவும் செல்லவில்லை. மூன்றாவது முறை முக்கியபோது, எனக்குத் தோற்றுப் பழக்கமில்லையாதலால், அவர் சீக்கிரம் தலையைத் தூக்கட்டும் என்று உடனே கத்த ஆரம்பித்துவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கம்போடு ஓடி வந்தார்கள்.

மாமா நிதானமாகத் தலையைத் தூக்கினார். நெஞ்சில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு சிரித்தார். "நின்னுருச்சு."

"அப்ப நான்தான ஜெயிச்சேன்?"

"நீதாம்லே ஜெயிச்ச."

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். திட்டுவதற்கு அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா சாவியை நீட்டினார். "அக்கா, அது வரும். நான் தண்ணியில மூஞ்சிய முக்குவேன், போகும். போகலன்னா ஆஸ்பத்திரி இருக்கு. அதுக்காக என்னையப் பொட்டிக்குள்ள போட்டு வைப்பியா? நாளைக்கு லோடு இருக்கு, நான் போறேன்."

அம்மா சாவியை வாங்கினாள். பிறகு அதைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, "ஈரத் தலையோட நிக்காத" என்றாள்.

மறுநாளிலிருந்து மாமா வேலைக்குப் போனார். இன்றைக்கும் போகிறார். அதுவும் வருகிறது, போகிறது.

அதன்பின் வேலைக்குத் தவிர என்னை விட்டு அவர் எங்கும் போனதில்லை. முடிவெட்டும் கடை, விஸ்வநத்தத்தில் கல்யாணம், எல்லாவற்றுக்கும் வண்டியின் முன்னால் நான்தான். மருமகன்களிலேயே மூச்சடக்குவதில் நான் சூரன், அதனால்தான் இந்த மரியாதை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். தெரு முக்குக்குத் தனியாகப் போகக்கூட அந்த மனுசனுக்குப் பயம் இருந்தது என்பதும், அவருக்கு வேண்டியிருந்தது சூரன் அல்ல, விழுந்தால் கத்துவதற்கு ஓர் ஆள் என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

இவ்வளவையும் எழுதி, லோடு ஆட்டோ ஓட்டும் என் கூட்டாளியிடம் படித்துக் காட்டினேன். அவன் கேட்டான்:

"கத்துறதுக்கு ஆள் வேணும்னா, இந்த ஜில்லாவுல உன் வாய விட்டா வேற ஏதுலே?"