ஒரு பாஸும் ஒரு பிடி உப்பும்

வண்டியை மறிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவனை எந்த வண்டிக்காரனும் வாழ்த்திவிட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை. தபால் ஆபீசிலோ கோர்ட்டிலோ ரயில் நிலையத்திலோ கம்பிக்கு உட்புறம் உட்கார்ந்து ஏச்சு வாங்கும் அன்பர்களே, நானும் உங்கள் இனம்தான்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில், பிரிட்டிஷ் சீமை முடிந்து மகாராஜாவின் சீமை தொடங்கும் இடத்தில் உள்ள சுங்கச் சாவடியில் எனக்கு வேலை. உப்போ புகையிலையோ உள்ளே வந்தால் பாஸ் வேண்டும். ஓர் ஆள் தன் உபயோகத்துக்கென்று கையில் எடுத்துவரும் சிறு அளவுக்கு மட்டும் வேண்டாம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகிய நான் அங்கே தற்காலிக குமாஸ்தா. மேலதிகாரி ஒரு நாள் சோதனைக்கு வருவார். வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போவதா என்று அன்றைக்குத் தெரியும். அந்த ஒரு நாளை நினைத்தே எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆங்கிலத்தில் கணவாய்க்கும் பாஸ் என்றுதான் பெயர். ஆக, நான் பி.ஏ. பாஸ் செய்து, பாஸில் உட்கார்ந்து, பாஸ் எழுதிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் எப்படி ஒரே சொல்லாயிற்று என்று கல்லூரியில் எங்கள் ஆசிரியர் விளக்கியிருக்கிறார். லத்தீனில் 'பாஸுஸ்' என்றால் ஓர் எட்டு, அதாவது காலடி. எட்டு வைத்துக் கடப்பது, கடக்கும் வழி, கடக்க அனுமதி, பரீட்சையைக் கடப்பது எல்லாம் அந்த ஓர் எட்டிலிருந்து நடந்து வந்தவை. இந்த அறிவு சாவடியில் உதவும் என்று நான் மனதார நம்பினேன்.

பெயர் கேட்ட துரைசானி

கன்னியாகுமரிக்குப் போகிற ஒரு துரையும் துரைசானியும் மோட்டாரை நிறுத்தினார்கள். மலைகளைப் பார்த்துவிட்டு, "இந்த பாஸுக்கு என்ன பெயர்?" என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கிலேயர் ஒருவரிடம் நான் பேசும் முதல் சந்தர்ப்பம். பதற்றத்தில் லத்தீனிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். லத்தீன் பிரெஞ்சுக்குப் போனது, பிரெஞ்சு இங்கிலாந்துக்கு வந்தது, பாஸ்போர்ட்டில் உள்ள 'போர்ட்' துறைமுகமா வாசலா என்று பண்டிதர்கள் சண்டை போடுவது, வரம்பு மீறுவதற்குச் சொல்லும் 'டிரெஸ்பாஸ்' கூட இதன் பங்காளி என்பது, ஒன்றையும் விடவில்லை. வைகாசிக் காற்று பாதியை அடித்துக்கொண்டு போயிற்று. மீதியைத் துரை கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார். ஒரு வழியாக வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

எங்கள் காவல்காரர் செல்லையன் சிதறால் ஊர்க்காரர். அந்த அம்மாள் என்ன கேட்டார் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னது: "சாறே, அவிய பேரத்தானே கேட்டாவ? நீங்க சாதகமே எழுதிப்போட்டியளே!"

அப்பா வண்டி

என் அப்பா மாட்டுவண்டி ஓட்டுகிறவர். பணகுடிச் சந்தையிலிருந்து சரக்கு ஏற்றி அதே கணவாய் வழியாகத்தான் வருவார். 'எனக்க மவன் பி.ஏ. பாஸு' என்று வழிநெடுக உள்ள கடைகளில் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த மகனே ஒரு நாள் அவர் வண்டியை மறித்துச் சோதிக்கும்படி ஆயிற்று. பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என்று விட்டால் நாளைக்கு யாரைச் சோதிப்பது? மூட்டைகளைக் குத்திப் பார்த்தேன். பலகையைத் தட்டிப் பார்த்தேன். அப்பா இறங்கி, தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி நின்றார்.

"சரி, போகலாம்" என்றேன். அவர் நகரவில்லை. பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "ஏமானே, வைக்கோலுக்க அடியிலயும் பாத்துக்கிடணும். அங்கதான் ஒங்களுக்க மத்தியானச் சோறு இருக்கு."

அசுரனின் பங்கு

மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்று நாகர்கோவிலுக்குப் போயிற்று. வண்டி நின்றதும் நான் பாஸ் கேட்டேன். மானேஜர் உடனே ஒரு பாஸை நீட்டினார். பார்த்தால் நாடகத்துக்கு இலவச அனுமதி, முன்வரிசை, கூடவே ஒரு கும்பிடு. இதுவும் அந்த ஓர் எட்டில் பிறந்ததுதான் என்றாலும், என் உத்தியோகம் அந்த எட்டை வைக்க விடாது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னேன்.

கடைசிப் பெட்டியில் அசுரன் வேஷத்துக்கான காகிதக்கூழ்த் தலைகள் அஞ்சு. தூக்கினால் கனத்தன. ஒவ்வொரு வாய்க்குள்ளும் யாழ்ப்பாணப் புகையிலை. தீர்வை கட்ட வேண்டும் என்றேன். மானேஜர் கோபிக்கவே இல்லை. நியாயம் பேசினார்: "சார், ஆளுக்கு ஒரு துண்டு சும்மா விடுவீங்கல்ல? எங்க அசுரனுக்கு அஞ்சு வாய் இருக்கு, அதையும் கொஞ்சம் பாத்துச் செய்யுங்க!"

ஒரு பிடி உப்பு

மேலதிகாரி வந்த நாளில் காற்று சாவடிக் கூரை ஓடுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவர் உள்ளே தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வள்ளியூர்ப் பக்கமிருந்து கல்யாணக் கூட்டம் ஒன்று வந்தது. பூதப்பாண்டியில் புகுந்த வீட்டுக்குப் பெண்ணை அழைத்துப் போகிறார்கள். முன்வண்டியில் பித்தளைக் குடம் நிறைய உப்பு. பெண் முதன்முதலாக வாசல்படி ஏறும்போது பிறந்த வீட்டு உப்பு அவளுக்கு முன்னால் போக வேண்டும். பாஸ் கிடையாது. நல்ல நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது.

"குடத்தை இங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய் உப்பு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன்.

பெண்ணின் அத்தை வண்டியிலிருந்து குதித்தாள். "உப்பை இங்கன வாங்கணும்னா பொண்ணையும் இங்கனயே பாத்திருக்கலாம்லா! ஏன் இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வாரோம்?"

மணப்பெண் அழ ஆரம்பித்தாள். விட்டால் என் வேலை போகும். விடாவிட்டால் அவள் உப்பில்லாமல் படியேற வேண்டும். எனக்கு அசுரனின் அஞ்சு வாய் ஞாபகம் வந்தது. ஆளுக்குச் சிறு அளவு அனுமதி உண்டு. ஆட்களோ கூட்டமாக நிற்கிறார்கள். "எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு நடந்து வாருங்கள். குறுக்குக்கட்டையைத் தாண்டியபின் குடத்தில் போட்டுக்கொள்ளலாம்" என்றேன். நேர்மை தவறாமல் ஒரு வழி கண்டுபிடித்த பெருமை எனக்கு.

பெண், மாப்பிள்ளை, சமையல்காரர், நாகசுரக்காரர், தவில்காரர், எல்லாரும் கைநிறைய உப்போடு வரிசையாக வந்தார்கள். "மாட்டுக்கும் ஒரு பங்கு உண்டுமா சாறே?" என்று செல்லையன் கேட்டார். அப்போது எதிரே சோடாக்கடையில் நின்ற யாரோ இதைப் பார்த்துவிட்டு, தொண்டை கிழிய "வந்தே மாதரம்!" என்றார். கூட்டமும் என்ன ஏது என்று கேட்காமல் திருப்பிச் சொல்லிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வருஷம் பிரிட்டிஷ் சீமையில் ஒரு பிடி உப்புக்காக ஜனங்கள் ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நானோ மகாராஜாவின் சாவடி வாசலில், மேலதிகாரி பார்க்க, ஓர் ஊர்வலத்தையே நடத்திக்கொண்டிருக்கிறேன்.

மேலதிகாரி ஓடிவந்தார். தலைப்பாகை வேறு திசையில் போயிற்று. "யார் இதற்குத் தலைவர்?" என்று கத்தினார்.

அத்தை என்னைக் கைகாட்டினாள். "இந்தப் புள்ளதான் ஐயா! மவராசனா இருக்கணும். வாங்கன்னு கூப்பிட்டதே அவருதான்!"

விதியை எழுத்துக்கு எழுத்து ஒப்பித்தேன். அதற்குள், பெண் எல்லை தாண்டும்போது மேளம் கேட்க வேண்டுமென்று அத்தை கூவினாள். தவில்காரர் உப்பு ஏந்திய தன் இரண்டு கையையும் பார்த்தார். எதிரில் சும்மா நின்ற ஒரே ஆள் மேலதிகாரிதான். "ஐயா, ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிடுங்க" என்று அவர் உள்ளங்கையில் உப்பைக் கொட்டிவிட்டுக் குச்சியை எடுத்தார்.

கீழே போட்டால் அபசகுனம் என்று பத்துப் பெண்கள் அலறினார்கள். மேலதிகாரி கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட்டத்தோடு குறுக்குக்கட்டையைத் தாண்டி நடந்துபோய், உப்பைக் குடத்தில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அவர் கை கழுவச் செல்லையன் தண்ணீர் ஊற்றினார். நான் மறுநாள் ஊருக்குப் போகும் வண்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "உம்மை நிரந்தரமாக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் காரணம் எழுத வேண்டிவரும், எழுதினால் என் கையும் அதில் வரும். ஆனால் இங்கே வேண்டாம் ஓய், இராஜாக்கமங்கலம் உப்பளத்துக்குப் போம். அங்கே எந்தக் கல்யாணக்காரனும் உப்பைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான்!"

அன்றுமுதல் பாஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், லத்தீனைப் பற்றி மூச்சு விடாமல், கேட்டவர் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்கிறேன்.