ஜன்னலைத் திறக்கச் சொன்னவள்

நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. எங்கள் வீடு மலாக்காவில், காஜா பெராங் சாலையை ஒட்டி இருந்தது. அவள் வீடு அடுத்த சந்துக்குள், கம்போங் செட்டி என்ற குடியிருப்பில். பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் எங்களைப் போலவே பிள்ளையாரைக் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவளுக்குத் தெரிந்த தமிழ் உறவுமுறைச் சொற்களோடு முடிந்துவிடும். அதனால் நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவள் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் அடையவிருந்த நேரம். இங்கிலாந்தில் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் மனுப் போட்டோம். இருவருக்கும் இடம் கிடைத்தது. அவள் வீட்டில் முதலில் ஒப்பவில்லை. அவள் ஒரே பெண். அவளுடைய அம்மாவை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போறதாலதான் இவளை விடறேன்" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

குளிர் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர், உள்ளே போய்ப் பெட்டியைக் குடைந்து தடித்த கம்பளித் துணி எடுத்து வந்தார். தையல்காரர் ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்துக் கோட்டுத் தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தபோது இருவருக்கும் முதுகில் வியர்வை ஓடியது. அவள் தெருவில் நின்று அந்தக் கோட்டோடு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள்.

சிங்கப்பூரில் கப்பலேறினோம். கொழும்பு தாண்டியதும் எனக்கு வாந்தி. சாப்பாட்டை என் படுக்கைக்கே கொண்டுவந்து ஊட்டியவள் அவள்தான். வட இங்கிலாந்தில், புகை படிந்து கறுத்த ஓர் ஊரில் எங்கள் ஆஸ்பத்திரி. சுதந்திரம் வந்த அன்று நாங்கள் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தோம். அவள் ஒரு தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, "இப்ப நாம எந்த நாட்டுக்காரங்க?" என்று கேட்டாள். இருவரும் சிரித்துவிட்டோம். படுக்கையில் இருந்த கிழவி என்ன சிரிப்பென்று விசாரித்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் பனி விழுந்த காலையில் அவள்தான் முதலில் பார்த்தாள். என்னை உலுக்கி எழுப்பினாள். செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடி ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "ருசியே இல்ல லா" என்று துப்பினாள். அன்றைய சந்தோஷம் ஒரு வாரம் தாங்கவில்லை. பிறகு வந்தது வெளிச்சமே இல்லாத குளிர். காலையில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. கை விரல்கள் வெடித்தன. துணி காயவில்லை. "செஜூக், செஜூக்" என்று முனகியபடி என் போர்வைக்குள் வந்து படுத்துக்கொள்வாள். குளிருக்கான அந்த மலாய்ச் சொல்லை ஊரில் இருந்தபோது தண்ணீர் குடிக்கும்போதுதான் சொல்லியிருப்போம்.

அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி முழுக்கக் காய்ச்சல். நோயாளிகளைப் பார்த்த தாதிகளும் விழுந்தார்கள். எனக்கு வந்து போனது. அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நாங்கள் வேலை பார்த்த இடத்திலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். நல்ல மருந்தெல்லாம் கொடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

ஒரு மத்தியானம், ஓய்வு நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தாள்.

"மழை வரப்போவுதா?" என்றாள்.

"இல்லையே."

"அப்புறம் ஏன் இப்படிப் புழுங்குது? ஜன்னலத் திறந்து விடு. மாக்கிட்ட சொல்லு, நான் வெளியில படுத்துக்கறேன்னு."

அம்மாவை அவள் மாக் என்றுதான் கூப்பிடுவாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து ஜன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்தேன். வார்டு மேற்பார்வை பார்த்த வெள்ளைக்காரத் தாதி அதைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மூச்சை இழுத்து, "ஆ, காத்து" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

மலாக்காவுக்குத் தந்தி போனது. உடலை வரவழைக்க வழியில்லை, அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்று பதில் வந்தது. பொங்கலுக்கு உடுத்தவென்று அவள் கொண்டுவந்திருந்த மஞ்சள் கெபாயாச் சட்டையையும் சாரோங் கைலியையும் நானே உடுத்திவிட்டேன். நெற்றியில் திருநீறு வைத்தேன். எங்கள் வீட்டில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அன்று நான் போனேன். மண் கல்லாக உறைந்து கிடந்தது. வெட்டியவர்கள் கடப்பாறையால் உடைத்திருந்தார்கள். மந்திரம் சொல்ல ஆளில்லை. முதல் பிடி மண் போடச் சொல்லி எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் போட்டது மண்ணாகவே விழவில்லை, கட்டியாக விழுந்து சத்தம் போட்டது.

அதன்பின் இரண்டு குளிர்காலங்களை அங்கே தனியாகக் கழித்தேன். படிப்பை விட்டுவிட்டு வரலாம் என்று தோன்றாமலில்லை. அவள் கிடக்கிற ஊரை விட்டு எப்படி வருவது?

ஊர் திரும்பிய அன்று பெட்டியை இறக்கி வைத்ததும் அம்மா சொன்னார்: "மொதல்ல அவங்க வீட்டுக்குப் போயிட்டு வா. நாளைக்குன்னு தள்ளிப் போடாத."

மாமி முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். மாமா என்னை வாசலிலேயே நிறுத்தி, தணிந்த குரலில், "மழ பெஞ்சாலும் போர்வ போத்திக்க மாட்டேங்கறா. மூணு வருசமா இப்படித்தான்" என்றார்.

நான் போய்த் தரையில் உட்கார்ந்தேன். மாமி அழவில்லை.

"அவளுக்கு ரொம்பக் குளிருச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி. கடைசியில குளிரவே இல்ல. புழுங்குதுன்னா. ஜன்னலத் திறக்கச் சொன்னா. திறந்து விட்டேன்."

"திறந்தியா?"

"திறந்தேன். காத்துன்னு சொன்னா."

அப்போதுதான் அழுதார். நான் சொன்னது ஆறுதலா, புதுக் காயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில நாளில் போகி வந்தது. போகியன்று செட்டிகள் இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைப்பார்கள். மாமி காலையிலேயே ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். சமையலறையில் தேங்காய்ப்பாலில் வடித்த நாசி லெமாக் சோறு தயாராக இருந்தது, குழம்பும் மீனும் இருந்தன.

"இங்க என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும். அங்க போய் என்ன சாப்பிட்டா? அதத்தான் நீ சொல்லணும்" என்றார்.

சம்பள நாளில் நாங்கள் கடைவீதியில் வாங்கித் தின்ற உருளைக்கிழங்கு வறுவலைப் பற்றிச் சொன்னேன். தடிதடியாக வெட்டி எண்ணெயில் போட்டு, உப்பும் வினிகரும் தெளித்து, பழைய செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். சூட்டுக்காகவே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பாள். மாமி கேட்டுக்கொண்டே கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தார்.

"இந்தத் தடிப்பு போதுமா?"

"போதும் மாமி."

படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. பொரித்துத் தாளில் சுற்றி இலையில் வைத்துவிட்டு, "இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். இப்படித்தான் என்றேன். மெழுகுவத்தி ஏற்றி, சாம்பிராணி காட்டி, இறந்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம்.

திரும்ப உள்ளே போனபோது கிழங்கு ஆறி நமுத்துப் போயிருந்தது. மற்றவர்கள் சோற்றுப் பக்கம் போனார்கள். மாமி அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருவருமாக அதைத் தின்று முடித்தோம். வினிகர் அதிகம். மாமி முகம் சுளிக்கவில்லை.

மலாக்கா ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து நான் இங்கேயே இருந்துவிட்டேன். மாமி இருந்தவரை ஒவ்வொரு போகிக்கும் கிழங்கு பொரித்தார், ஒவ்வொரு முறையும் தடிப்பு சரியா என்று கேட்டார். மகளைப் புதைத்த இடத்தை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.